ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது, பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 62 வயது. ஹார்ட் அட்டாக் வந்து, மூன்று மாதத்துக்கு முன்னால் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் ஒரு வருஷம் சாப்பிடச் சொன்னார்கள். இப்போது ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டும், ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார் பல் டாக்டர். அப்பாவோ, உடம்பு நல்லாத்தானே இருக்கு, மொத்தமாகவே நிறுத்திடறேன் என்கிறார்."

இருதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். அப்பாவிடம் இதைச் சொன்னால் மட்டும் போதாது, காரணத்தையும் சொல்லுங்கள், அப்போதுதான் கேட்பார்.

லேபில் ரத்தம் எடுக்கும்போது சிவப்பு மூடி போட்ட டியூபைப் பார்த்திருப்பீர்கள். அதன் உள்சுவரில் சிலிக்கா பூசியிருப்பார்கள். அந்தப் பரப்பில் பட்டதுமே ரத்தத்திலுள்ள உறைதல் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட, அரை மணி நேரத்தில் ரத்தம் கட்டியாகிவிடும். ரத்தத்துக்குத் தன் சொந்தக் குழாயின் உள்சுவரைத் தவிர மற்ற எல்லாமே அந்நியம்தான்.

ஸ்டென்ட் என்பது அடைபட்ட இருதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலை, பெரும்பாலும் கோபால்ட்-குரோமியத்தில் செய்தது. இப்போது வருகிறவற்றில் ஒரு கம்பி ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்தான், 60 முதல் 80 மைக்ரான். அது ரத்தத்தில் பட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் வந்து ஒட்டிவிடும், ரத்த அணுக்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ரத்தத்தில் அதிகம் இருப்பது ஆல்புமின் என்பதால் முதலில் இடம் பிடிப்பது அதுதான். அது அப்படியே இருந்தால் நமக்கு நல்லது, ஏனென்றால் ஆல்புமின் மூடிய பரப்பில் தட்டணுக்கள், அதாவது ரத்தத்தைக் கட்ட வைக்கும் பிளேட்லெட்டுகள், அவ்வளவாக ஒட்டாது. ஆனால் சற்று நேரத்தில் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் அதை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. 1960களில் இதைக் கவனித்துச் சொன்னவர் லியோ வ்ரோமன், இன்றும் இதற்கு வ்ரோமன் விளைவு என்றே பெயர். ரத்தத்தில் மிதக்கும்போது இதே ஃபைப்ரினோஜனைத் தட்டணுக்கள் கண்டுகொள்வதில்லை. உலோகத்தில் ஒட்டியதும் அதன் மடிப்பு கொஞ்சம் பிரிந்து, உள்ளே மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது, அதைத்தான் தட்டணு பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் தட்டையாகப் பரவி, ரசாயனங்களைக் கக்கி, மற்ற தட்டணுக்களையும் கூப்பிடுகிறது. அந்த அழைப்பில் ஒன்றை ஆஸ்பிரின் தடுக்கிறது, இன்னொன்றைக் குளோபிடோக்ரெல் தடுக்கிறது. இரண்டு மாத்திரை கொடுப்பது இதனால்தான்.

இது எத்தனை நாளைக்கு? கம்பியின் மேல் எண்டோதீலியம், அதாவது ஒரே ஒரு செல் கனமுள்ள உள்தோல், வளர்ந்து மூடும்வரை. மருந்து இல்லாத பழைய ஸ்டென்ட்டில் சில வாரங்களிலேயே மூடிவிடும். உங்கள் அப்பாவுக்கு வைத்ததில் இருக்கும் மருந்து, குழாய்ச் சுவரின் தசையணுக்கள் பெருகி மறுபடி அடைப்பு வராமல் தடுக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் அதே மருந்து உள்தோல் வளர்வதையும் தாமதப்படுத்துவதால் மாதக்கணக்கில் ஆகும். மூன்றாம் மாதத்தில் சில கம்பிகள் இன்னும் மூடாமலேயே இருக்கலாம். அது வலிக்காது, உடம்பு நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அங்கே ரத்தம் கட்டினால் மறுபடி ஹார்ட் அட்டாக், உயிருக்கே ஆபத்து.

ஐந்து நாள்தானே என்று நினைக்காதீர்கள். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள், தினமும் பத்தில் ஒரு பங்காவது புதிதாக வரும். ஐந்து நாள் மாத்திரை இல்லையென்றால் ஏறக்குறைய பாதித் தட்டணுக்கள் எந்தத் தடையும் இல்லாதவையாக இருக்கும்.

பக்கத்து வீட்டில் உலோக வால்வு வைத்தவர் அசிட்ரோம் சாப்பிடுவதைப் பார்த்து இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அந்த வால்வை உள்தோல் மூடாது, அதனால் ஆயுள் முழுக்க மாத்திரை, அதுவும் வேறு மாத்திரை.

சரி, பல்லுக்கு வருவோம். தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், ஒரு பல்லை எடுக்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம், மாத்திரையோடேயே எடுப்பதுதான் வழக்கம். பல் டாக்டரை இருதய டாக்டரோடு நேரடியாகப் போனில் பேசச் சொல்லுங்கள். அப்புறம், வலிக்கு ஐபுபுரூஃபன் எழுதினால் வேண்டாம் என்று சொல்லி பாராசிட்டமால் கேளுங்கள், ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், ரத்தக் கசிவையும் கூட்டும். வயிற்றெரிச்சலுக்கு ஓமெப்ரசோல் சாப்பிடுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும், பதிலாக பாண்டோபிரசோல் தருவார்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.