விரல் நழுவிய ராணி

வணக்கம் சேர்,

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். பொழுது போக லிசெஸ் என்ற இணையத் தளத்தில் செஸ் விளையாடுவேன். போன கிழமை ஒரு ரேட்டிங் ஆட்டம் (வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும்), ஆளுக்கு 10 நிமிடம். நான் இரண்டு சிப்பாய் குறைவாக இருந்தேன். எதிரில் ஆடியவர் செக் வைக்க ராணியை இழுத்தார். அது ஒரு கட்டம் முன்னாலேயே, என் சிப்பாய் வெட்டுகிற இடத்தில் நின்றுவிட்டது. உடனே நகர்த்தலைத் திரும்ப எடுக்க அனுமதி கேட்டார். நான் கொடுக்கவில்லை. ராணியை வெட்டினேன், வென்றேன், 6 புள்ளி ஏறியது. அவர் 'வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். பக்கத்திலிருந்து பார்த்த அண்ணா, 'இதெல்லாம் ஒரு வெற்றியா' என்று இரண்டு நாளாகக் குத்திக் காட்டுகிறார். தொட்ட காயை ஆடத்தான் வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்? நான் செய்தது பிழையா?

ஒரு வாசகி

அன்பின் மகளுக்கு,

பிழை இல்லை. அண்ணாவிடம் இதைக் காட்டலாம். ஆனால் முழுதும் வாசித்துவிட்டுக் காட்டுங்கள், அவர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

முதலில் அந்தத் 'தொட்ட காய்' விதி. திரையில் அது கிடையாது. ஒரு காயை அழுத்திப் பார்த்துவிட்டு வேறு காயை நகர்த்தலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பலகையில்கூட அந்த விதி நாம் நினைக்கிற அளவுக்கு இரும்பு விதி அல்ல. தற்செயலாகக் கை பட்டது என்று தெளிவாகத் தெரிந்தால் அது தொட்டதாகாது என்று உலக செஸ் சம்மேளனமான பிடேயின் விதியிலேயே இருக்கிறது. நான் படிப்பித்த காலத்தில் நுவரெலியாவில் ஒரு பாடசாலைப் போட்டி. எங்கள் பையனின் ஸ்வெட்டர் கை பட்டு ராஜா விழுந்துவிட்டது. எதிரில் இருந்தவன் எழுந்து நின்று, 'ராஜாவத் தொட்டுட்டான் சேர், ராஜாவத்தான் ஆடணும்' என்றான். நடுவர் வந்து பார்த்தார். அது அவனுடைய அண்ணனின் ஸ்வெட்டர், கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அந்தக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, ராஜாவை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் காயைப் பிழையான கட்டத்தில் வைத்து விரலை எடுத்துவிட்டால் பலகையிலும் மன்னிப்பு இல்லை. 1994இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் உலக சாம்பியனாக இருந்த கஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார். கை விட்டது கால் வினாடி இருக்கும். பிறகு அதே குதிரையை வேறு கட்டத்தில் வைத்துவிட்டார். எதிரில் இருந்தவர் ஹங்கேரி வீராங்கனை ஜூடித் போல்கர், அப்போது அவருக்கு 17 வயது. ஆட்டத்தின் நடுவே அவர் முறையிடவில்லை. கஸ்பரோவ் வென்றார். கை விட்டது வீடியோவைப் பார்த்த பிறகுதான் உறுதியானது. (2002இல் ஒரு விரைவு ஆட்டத்தில் போல்கர் அவரைத் தோற்கடித்தது வேறு கதை. எனக்குப் பிடித்த கதையும் அதுதான்.)

உங்களிடம் வீடியோவும் இல்லை. கை நழுவியதா, புத்தி நழுவியதா என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? என் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் ஒருநாள், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நல்ல மழை. கணக்கப்பிள்ளை அவசரத்தில் அம்மாவின் 21 கிலோவைப் பக்கத்து லயத்து அக்காவின் பேரிலும், அவருடைய 12 கிலோவை அம்மாவின் பேரிலும் எழுதிவிட்டார். அம்மாவுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. அந்த அக்காவுக்கு முழுப் பேர். இருட்டுகிற நேரத்தில் அவர் எங்கள் வாசலில் வந்து, 'ஒன் கொழுந்து எம் பேர்ல விழுந்துருச்சு புள்ள, வா போய் சொல்லுவோம்' என்று கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். தன் கூடையில் எவ்வளவு இருந்தது என்று அவருக்கே தெரியும். அதனால் சொல்ல முடிந்தது. உங்களுக்கு எதிராளியின் கூடை தெரியாது. கேட்கிறவர் எல்லோருக்கும் கொடுத்தால், பிழையாக ஆடிவிட்டு 'விரல் நழுவியது' என்கிறவருக்கும் கொடுப்பீர்கள்.

இனி அண்ணாவின் பக்கம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் ஆட்டத்தில் கூடை கொஞ்சம் தெரிந்திருக்கிறது. போகிற வழியில் ஒரு கட்டம் முன்னால், சிப்பாயின் வாயில் ராணி நிற்பது யோசித்து ஆடிய ஆட்டம் மாதிரி இல்லை. 10 நிமிட ஆட்டத்தில் அப்படி ஒன்று நடந்தால் நான் கொடுத்துவிடுவேன். ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டம் என்றால் கொடுக்கமாட்டேன், கேட்கவும் மாட்டேன். அங்கே விரலின் வேகமும் ஆட்டத்தில் சேர்த்தி. இது என் வழக்கம், விதி அல்ல. கேட்க அவருக்கு உரிமை உண்டு, மறுக்க உங்களுக்கும் உண்டு. அவரும் அதைப் புரிந்துகொண்டு வாழ்த்திவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? லிசெஸ்ஸில் திரும்ப எடுக்கும் கோரிக்கையை 'ஒருபோதும் இல்லை', 'ரேட்டிங் இல்லாத ஆட்டத்தில் மட்டும்', 'எப்போதும்' என்று மூன்றில் ஒன்றாக வைக்கலாம். உங்கள் கணக்கில் 'எப்போதும்' என்று இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. எதை வைப்பது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ராணி வாயில் நிற்கும்போது முடிவு செய்யப் போனால், யாருக்குமே தனக்குச் சாதகமாகத்தான் தோன்றும். உங்கள் விரலும் ஒருநாள் நழுவும். போனில் ஆடினால், காயை இழுப்பதை விட்டுவிட்டுக் காயையும் கட்டத்தையும் தனித்தனியாகத் தொட்டு ஆடுங்கள். நீண்ட ஆட்டங்களுக்கு நகர்த்தலை உறுதிப்படுத்தும் வசதியும் இருக்கிறது.

அந்த 6 புள்ளியை நினைத்து மனம் உளைய வேண்டாம். அங்கே கிளிக்கோ-2 என்ற முறையில் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் பலத்துக்கு மேலே ஏறியது அடுத்த சில ஆட்டங்களில் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

பரிகாரமாக அடுத்த ரேட்டிங் ஆட்டத்தில் வேண்டுமென்று தோற்றுவிடவும் வேண்டாம். 2020இல் ஒரு ஒன்லைன் போட்டியில் சீன வீரர் டிங் லிரெனின் இணையத் தொடர்பு அறுந்து அவர் தோற்றபோது, எதிரில் ஆடிய அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் அடுத்த ஆட்டத்தின் 4ஆவது நகர்த்தலிலேயே ராணியைக் கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். அழகான செயல்தான். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான மோதல், கணக்கும் அவர்களுக்குள் தீர்ந்தது. நம்மைப் போன்றவர்கள் தளத்தில் வேண்டுமென்றே தோற்கப் பழகினால் அது ரேட்டிங்கைத் திரிக்கிற வேலை, விதிக்கு மாறானதும்கூட. அவருடைய பெயர் உங்கள் ஆட்டப் பட்டியலில் இருக்கும். ரேட்டிங் இல்லாமல் ஒரு ஆட்டத்துக்கு அழையுங்கள், அண்ணாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று இரவு எனக்கும் நடந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் உட்கார்ந்துவிட்டேன். குதிரையைத் தொடப் போய்ப் பக்கத்துச் சிப்பாய் நகர்ந்துவிட்டது. கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போனது. மூன்று நிமிட ஆட்டம். கையை எடுத்துக்கொண்டேன். அடுத்த ஏழு நகர்த்தலில் தோற்றேன்.