சாலை விரிவாக்கத்துக்குச் சம்மதக் கடிதம் கேட்டால் கையெழுத்திடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியச் சாலையை அகலப்படுத்தி, அடுத்த ஊர் வரை நீட்டிக்கப் போகிறார்கள். நில அளவர் வந்து எங்கள் தோட்டத்துக்குள் கல் நட்டுவிட்டுப் போனார். கல்லுக்குச் சாலைப் பக்கமாக மூன்று தென்னை மரங்களும் பாசனக் கிணற்றின் ஒரு பகுதியும் வருகின்றன. பட்டா என் பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டாக இருக்கிறது. நோட்டீஸ் எதுவும் வரவில்லை. ஆனால் 'சாலைப் பணிக்கு நிலத்தை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன்' என்று தட்டச்சு செய்த கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்தக் கடிதத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம். எவ்வளவு நிலம், எந்தப் புல எண்ணில், எந்தத் திட்டத்துக்கு என்ற விவரம் எழுத்தில் உங்கள் கைக்கு வரும் வரை கையெழுத்தைத் தள்ளிவைப்பது சாலையை எதிர்ப்பதாகாது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ பிரிவு கூறுகிறது. இமாசலப் பிரதேசத்தின் ஹமிர்பூர் மாவட்டத்தில் நாதௌன் – சுஜான்பூர் சாலைக்காக 1967-68இல் ஒரு பெண்ணின் நிலம் எந்தக் கையகப்படுத்தல் நடவடிக்கையும் இல்லாமல் எடுக்கப்பட்டது. அவர் வாய்மொழியாகச் சம்மதித்தார் என்றும், காலம் கடந்துவிட்டது என்றும் அரசு வாதிட்டது. இரண்டையும் ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், 2020 ஜனவரி 8 அன்று இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தீர்ப்பு அவருக்குச் சாதகமானதுதான். ஆனால் அதற்குள் அவருக்கு எண்பது வயதாகிவிட்டது. நீங்கள் தொடக்கத்திலேயே எழுத்துப்பூர்வமாகச் செயல்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

முதலில் தெளிவாக வேண்டியது, நடப்பட்ட கல் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது. புல வரைபடம், 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் நகல்களைப் பெற்று, எல்லையை அளந்து காட்டும்படி வட்டாட்சியரிடம் கட்டணம் செலுத்தி மனுக் கொடுங்கள். பல ஊர்களில் வேலி பழைய சாலைப் புறம்போக்குக்குள் நகர்ந்திருக்கும். வேறு சில ஊர்களில் சாலையே பட்டா நிலத்துக்குள் நகர்ந்திருக்கும். கல்லுக்கு முன்னால் உள்ள பகுதி புறம்போக்கு என்று தெரியவந்தால் நிலத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. அப்போதுகூட முன்னறிவிப்பு கொடுத்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே அகற்ற முடியும். நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருந்தால் 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 28ஆம் பிரிவும், பிற அரசுப் புறம்போக்கில் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன.

அது பட்டா நிலம்தான் என்றால், பணியை எந்தத் துறை எந்த நிதியில் செய்கிறது என்பதே அடுத்த கேள்வி. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தனித்தனியே மனு அனுப்பி, திட்ட ஒப்புதல் ஆணை, சாலையின் தடம் காட்டும் வரைபடம், முன்மொழியப்பட்ட அகலம் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அகலம் முக்கியம். 3.75 மீட்டர் ஒருவழித் தடத்தை 5.5 மீட்டராக்குவதற்கு, இருக்கும் புறம்போக்கே பல இடங்களில் போதுமானதாக இருக்கும். 7 மீட்டர் இருவழித் தடத்துக்குப் பெரும்பாலும் போதாது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் நிலம் வாங்குவதற்கு மத்திய நிதி கிடையாது, நிலத்தை ஏற்பாடு செய்வது மாநிலத்தின் பொறுப்பு. அத்தகைய பணிகளில்தான் இதுபோன்ற சம்மதக் கடிதங்கள் அதிகம் சுற்றுகின்றன. நிதி ஒதுக்கவில்லை என்பதற்காக உங்கள் உரிமை இல்லாமல் போய்விடாது.

ஒன்றியச் சாலையை மாவட்ட இதர சாலையாக (நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கும் சாலைகளில் ஒரு வகை) தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறை எடுத்துக்கொண்டால், நிலம் எடுப்பு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி நடக்கும். இந்தச் சட்டத்தின் நில எடுப்புப் பிரிவுகள் செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அதன்பின் மாநில அரசு சட்டமியற்றி அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்துவிட்டது. ஆகவே 'அந்தச் சட்டமே போய்விட்டது' என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். 15(2) பிரிவின்படி, நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் காட்ட உங்களுக்கு முதலில் அறிவிப்பு வர வேண்டும். அதில் குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்சேபத்தைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். ஏனெனில் 15(1) அறிவிக்கை அரசிதழில் வெளியான உடனேயே நிலம் அரசின் உடைமையாகிவிடும். அதன்பின் பேச்சு பெரும்பாலும் தொகையைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆட்சேபத்தில் கிணற்றையே முன்னிறுத்துங்கள். மூன்று தென்னை போனால் நஷ்டம் மூன்று தென்னையோடு முடியும். கிணற்றின் ஒரு பக்கம் போனால் மிஞ்சிய தோட்டம் முழுவதும் மானாவாரியாகிவிடும். எனவே அந்த இடத்தில் தடத்தை எதிர்ப்பக்கமாக நகர்த்த முடியுமா என்று வரைபடத்தோடு கேளுங்கள். முடியாது என்றால், ஒரு பகுதிக்கு மட்டுமல்லாமல் முழுக் கிணற்றுக்கும், மோட்டார் அறை, குழாய், மின் இணைப்பை வேறிடத்துக்கு மாற்றும் செலவு ஆகியவற்றுக்கும் சேர்த்து மதிப்பீடு கோருங்கள். இழப்பீட்டுத் தொகை 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைத் தழுவியே கணக்கிடப்படும்: நிலத்தின் சந்தை மதிப்பை, ஊரகப் பகுதி என்பதால், 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்கி வரும் தொகை, அதனுடன் மரம், கிணறு போன்றவற்றின் மதிப்பு, இவை அனைத்தின் மேலும் நூறு சதவீத ஆறுதல் தொகை (நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகக் கூடுதலாகத் தருவது). சந்தை மதிப்புக்கு, பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் பார்க்க மாட்டார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களையும் பார்க்க வேண்டும் என்பதால், அந்தப் பத்திரங்களின் நகல்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே திரட்டுங்கள். கிணற்றையும் மரங்களையும் தேதியுடன் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

ஊர் நன்மைக்காக ஒரு பகுதியை இலவசமாகவே கொடுக்க நீங்கள் இருவரும் விரும்பினால், அதற்குத் தடையில்லை. ஆனால் அதைக் கடிதமாகக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் பரப்பை அளந்து, வரைபடம் இணைத்து, சாலைக்கு மட்டும் என்று குறிப்பிட்டுப் பதிவு செய்த தானப் பத்திரமாகக் கொடுங்கள். உட்பிரிவு செய்து பட்டா மாறுதல் நடந்ததா என்பதையும் பாருங்கள்.

கூட்டுப் பட்டா என்பதால் உங்கள் கையெழுத்து உங்கள் பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும், தம்பியின் பங்கை அல்ல. அவர் வெளியூரில் இருந்தால், உங்களுக்குத் தெரியாமல் எந்தக் கடிதத்திலும் ஒப்பமிட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். பிறகு இருவருமாகக் கையெழுத்திட்டு, 'நாங்கள் எந்தச் சம்மதமும் அளிக்கவில்லை. உரிய அறிவிப்பும் இழப்பீடும் இன்றி எங்கள் நிலத்தில் பணி தொடங்க வேண்டாம்' என்று மாவட்ட ஆட்சியருக்கும் பணி செய்யும் துறைக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். இதன் பின்னும் பொக்லைன் உள்ளே வந்தால், இந்தக் கடிதமும் ஒப்புகையும் உயர் நீதிமன்றத்தில் நீங்கள் தொடரும் ரிட் மனுவின் முதல் ஆவணங்களாக இருக்கும்.