வைட்டமின் கே ஊசி மட்டும் போதாதா?

செயற்கை இதய வால்வுக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் தந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு. வைட்டமின் கே ஊசியோடு விலையுயர்ந்த பிசிசி (உறைதல் காரணிகளின் செறிவு) மருந்தும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது வீண்செலவே அல்ல, ஐயா. வைட்டமின் கே தானாக ரத்தத்தை உறையவைக்காது. அதைக் கொண்டு கல்லீரல் 2, 7, 9, 10 ஆகிய உறைதல் காரணிகளை, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்களை, புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். மண்டைக்குள் கசியும் ரத்தம் அதுவரை காத்திருக்குமா? பிசிசியில் அதே காரணிகள் செறிவாக, ஆயத்தமாக இருக்கின்றன. குப்பியிலுள்ள தூளைக் கரைத்து நரம்பில் ஏற்றினால், பெரும்பாலும் அரை மணி நேரத்தில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) இறங்கிவிடும். பிசிசிக்கு மாற்றாக ஏற்றப்படும் உறைநிலை பிளாஸ்மாவை (தானமாகப் பெற்ற ரத்தத்தின் உறையவைத்த திரவப் பகுதி) உருக்கவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். அதன் அளவும் பலவீனமான இதயத்துக்குப் பாரம். பிசிசியின் பலன் ஒரு நாளுக்குள் தேய்ந்துவிடும் என்பதால் இரண்டும் தேவை. வார்ஃபரினை மீண்டும் எப்போது தொடங்குவது என்று இதய மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். வால்வில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து இப்போதும் இருக்கிறது.