ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களைக் கொன்ற குடியேறிகள் யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

கேள்வி இதுதான்: காலனி காலத்தில் ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களைக் குடியேறிகள் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள் என்று படிக்கிறோம். அதற்காக யாராவது தண்டனை பெற்றார்களா?

பெற்றார்கள். 1838 டிசம்பர் 18 அன்று சிட்னி சிறையில் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இதோடு பதிலை நிறுத்தினால் சொன்னது உண்மையாக இருந்தும் பொய்யாகிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் நியூ சவுத் வேல்ஸின் டாம்வொர்த் ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஊரும் சுற்று வட்டாரமும் கமிலராய் மக்களின் மண். வந்த முதல் மூன்று வருடம் எனக்கு இது தெரியாது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு கமிலராய் பெண்மணிதான் சொன்னார். எங்கள் இல்லத்தில் எல்லோரும் அவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவோம். இங்கே அது சும்மா உறவுக்குச் சொல்வதில்லை. பழங்குடி மக்கள் மூத்தவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. ஒரு ஜூன் மாதம், "நீண்ட வாரக்கடைசிக்கு எங்கேயும் போகவில்லையென்றால் என்னோடு வா" என்று மயால் க்ரீக்குக்கு அழைத்துப் போனார். அந்த ஏழு பேரைத் தூக்கில் ஏற்றிய படுகொலை நடந்த இடம் அதுதான்.

பிங்கரா என்ற சின்ன ஊரைத் தாண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மேய்ச்சல் நிலம், யூகலிப்டஸ் மரங்கள், நடுவில் ஒரு ஓடை. 1838-இல் அங்கே ஹென்றி டாங்கர் என்ற பெரிய நிலக்காரரின் மாட்டுப் பண்ணை இருந்தது. கமிலராய் மக்களில் ஒரு பிரிவான விரையராய் மக்கள் சுமார் முப்பத்தைந்து பேர் பண்ணைக் குடிசைகளுக்குப் பக்கத்தில் சில வாரங்களாகத் தங்கியிருந்தார்கள். வெளியே ஆயுதக் கும்பல்கள் சுற்றிக்கொண்டிருந்தன, இங்கே இருந்தால் பாதுகாப்பு என்று பண்ணை வேலையாட்களே கூட்டி வந்திருந்தார்கள். மாலையில் ஒன்றாக ஆடியிருக்கிறார்கள், குழந்தைகளோடு விளையாடியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலையாட்கள் ஆங்கிலப் பெயர்கள் வைத்திருந்தார்கள்: 'டாடி', 'சார்லி', 'மார்த்தா' என்று. பின்னால் நீதிமன்ற ஏட்டில் ஏறியதும் பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான். அம்மா கூப்பிட்ட பெயர்கள் ஏறவில்லை.

ஜூன் 10 அன்று காலை, திடகாத்திரமான ஆண்கள் பத்துப் பேர் அளவில் மரப்பட்டை உரிக்கும் வேலைக்காகப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டார்கள். மீதம் இருந்தது பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். மாலையில் பதினோரு பேர் துப்பாக்கி, வாள், கைத்துப்பாக்கிகளோடு குதிரையில் வந்தார்கள். முன்னால் வந்தவன் ஜான் ஃபிளெமிங், சுதந்திரக் குடியேறி, நிலக்காரக் குடும்பத்துப் பிள்ளை. மற்றவர்கள் எல்லோரும் நாடு கடத்தப்பட்டு வந்த தண்டனைக் கைதிகள், அல்லது தண்டனை முடிந்தவர்கள். அந்த மக்களைக் கூட்டி வந்து பழகிய பண்ணையாள் சார்ல்ஸ் கில்மைஸ்டரும் அவர்களோடு சேர்ந்துகொண்டான்.

அந்த மக்கள் ஓடிப் புகுந்தது ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவரின் குடிசையில். அவரும் ஆயுள் தண்டனைக் கைதிதான், குடிசையைப் பார்த்துக்கொள்கிற வேலை. காப்பாற்றச் சொல்லி அவரிடம் அழுதார்கள். வந்தவர்கள் குதிரை கட்டும் நீளக் கயிற்றால் எல்லோரையும் ஒன்றாகப் பிணைத்து மேற்கே இழுத்துப் போனார்கள். இரண்டு சிறுவர்கள் ஓடைக்குள் குதித்துத் தப்பினார்கள். குடிசைக்குப் பின்னால் நின்ற ஒரு சின்னக் குழந்தை அம்மா பின்னாலேயே போகப் பார்த்தது. ஆண்டர்சன் அதைப் பிடித்து உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து இரண்டு வெடிச் சத்தம் மட்டும் கேட்டது என்று சாட்சி சொன்னார். சுமார் இருபத்தெட்டுப் பேருக்கு இரண்டே குண்டு. மற்றதெல்லாம் வாள். இரண்டு நாள் கழித்துக் கொலைகாரர்கள் திரும்பி வந்து, ஆண்டர்சன் குடிசை அடுப்பிலிருந்தே கொள்ளி எடுத்துப் போய் உடல்களை எரித்தார்கள்.

மரப்பட்டை உரிக்கப் போன ஆண்கள் அன்று இரவே திரும்பினார்கள். ஆண்டர்சன் அவர்களைத் தப்பி ஓடச் சொன்னார். அவர்களிலும் பலரை அடுத்த சில நாட்களில் அதே கும்பல் துரத்திக் கொன்றது என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதற்கு வழக்கே இல்லை.

சரி, இந்த ஒன்று மட்டும் எப்படி நீதிமன்றம் வரை போனது? என் பதிலே இங்கேதான் இருக்கிறது. வெளியூர் போயிருந்த பண்ணை மேலாளர் வில்லியம் ஹாப்ஸ் திரும்பி வந்து, எரிந்த இடத்தைப் பார்த்து, முதலாளியின் கோபத்துக்கு அஞ்சாமல் புகார் எழுதினார். பக்கத்துக் குடியேறி ஃபிரடெரிக் ஃபுட் சிட்னி வரை போய்ச் சேதி சொன்னார். புதிதாக வந்திருந்த கவர்னர் ஜார்ஜ் கிப்ஸ் விசாரிக்க உத்தரவிட்டார். மாஜிஸ்திரேட் எட்வர்ட் டென்னி டே குதிரையில் பல வாரம் அலைந்து பதினோரு பேரைப் பிடித்தார். அட்டர்னி ஜெனரல் ஜான் பிளங்கெட் வழக்கை விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கைதி தன்னைப்போன்ற கைதிகளுக்கு எதிராக வாய் திறந்தார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் மயால் க்ரீக் என்ற பெயரை இன்று யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

இதெல்லாம் இருந்தும் நவம்பர் 15 அன்று நடந்த முதல் வழக்கில் ஜூரி கொஞ்ச நேரத்திலேயே 'குற்றவாளிகள் அல்ல' என்று சொல்லிவிட்டது. 'டாடி' என்ற பெரியவரைக் கொன்றதாக வழக்கு. எரிந்து கிடந்த உடல் அவருடையதுதானா என்று நிரூபிக்கச் சொன்னார்கள். நிலக்காரர்கள் பணம் திரட்டிக் குற்றவாளிகளுக்கு வக்கீல் வைத்திருந்தார்கள். டாங்கரே குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகக் கூண்டில் ஏறி, ஆண்டர்சன் நம்பத் தகாதவர் என்று சொன்னார். பிளங்கெட் அன்றைக்கே அவர்களை விடுவிக்காமல், ஒரு குழந்தையைக் கொன்றதாக ஏழு பேர் மீது மறுபடி வழக்குப் போட்டார். நவம்பர் கடைசியில் வந்த இரண்டாவது தீர்ப்புதான் தூக்கு.

மிச்சம் நான்கு பேர்? அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடியவர் யிந்தயிந்தின் என்ற பழங்குடி இளைஞர். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று கொலையைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் பைபிள் மேல் சத்தியம் செய்யத் தெரியாதவர்களின் சாட்சி செல்லாது என்பது அன்றைய சட்டம். அவருக்குக் கிறிஸ்தவ உறுதிமொழியைக் கற்றுக்கொடுத்துக் கூண்டில் ஏற்றலாம் என்று முயன்றார்கள். அதற்குள் அவர் காணாமல் போனார். 1839 பிப்ரவரியில் நான்கு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் இந்தச் சட்டம் மாற 1876 வரை ஆனது. அதுவரை பழங்குடி மக்கள் மட்டும் பார்த்த கொலை, சட்டத்தின் கண்ணில் யாருமே பார்க்காத கொலை.

ஃபிளெமிங் பிடிபடவே இல்லை. தலைக்கு 50 பவுண்டு பரிசு அறிவித்தும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. சிட்னிக்கு அருகே ஹாக்ஸ்பரி பக்கம் ஊர்ப் பெரிய மனிதராக வாழ்ந்து, தேவாலய நிர்வாகியாகவும் இருந்து, 1894-இல் இறந்தார். தூக்கில் ஏறிய ஏழு பேரும் கைதிகளாக வந்தவர்கள்.

தூக்குக்கு முன்னால் அந்த ஏழு பேர் சிறை அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கவர்னர் கிப்ஸ் லண்டனுக்கு எழுதியிருக்கிறார். கூடவே, இது சட்டத்துக்கு விரோதம் என்று தங்களுக்குத் தெரியாது, இந்தக் காலனியில் அடிக்கடி நடப்பதுதானே என்றும் சொன்னார்களாம். இது வெறும் சாக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அதே 1838 ஜனவரி 26 அன்று, அதிக தூரமில்லாத வாட்டர்லூ க்ரீக்கில், மேஜர் ஜேம்ஸ் நன் தலைமையில் அரசாங்கக் குதிரைப் போலீஸே கமிலராய் மக்களைச் சுட்டது. விசாரணை என்று ஒன்று நடந்தது, அப்புறம் அப்படியே அமுங்கிப்போனது. அரசாங்கமே செய்வதைத்தானே அவர்களும் பார்த்தார்கள்?

அதனால் 1838-க்குப் பிறகு எல்லாம் திருந்தியது என்று நினைக்காதீர்கள். குடியேறிகள் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொள்வதைத்தான். மாவில் விஷம் கலந்து கொடுத்தார்கள், நடந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. குவீன்ஸ்லாந்தில் வெள்ளை அதிகாரிகளின் கீழ் 'நேட்டிவ் போலீஸ்' என்ற படை பல பத்தாண்டுகள் இயங்கியது. அவர்கள் அறிக்கைகளில் 'கொன்றோம்' என்று வராது, 'கலைத்தோம்' என்று வரும். 'கூட்டத்தைக் கலைத்தனர்' என்று நம் செய்தித்தாள்களில் படித்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லை அங்கே பார்த்தபோது உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1928-இல்கூட வட பிரதேசத்தின் கோனிஸ்டனில் ஒரு போலீஸ்காரர் தலைமையில் போன கும்பல் கொன்றது அரசுக் கணக்குப்படியே 31 பேர். வால்பிரி மக்கள் இதைவிட மிக அதிகம் என்கிறார்கள். விசாரணைக் குழு 'தற்காப்பு' என்று எழுதி முடித்தது.

நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லிண்டல் ரையன் என்ற வரலாற்றாசிரியர் தலைமையில் ஒரு வரைபடம் தயாரித்திருக்கிறார்கள். ஒரே சம்பவத்தில் ஆறு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட, ஆதாரம் உள்ள இடங்களை மட்டும் குறித்ததே 400-ஐத் தாண்டுகிறது. அதில் என் வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை புள்ளி என்று தேடிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டப் படுகொலைக்காகக் குடியேறிகள் தூக்கில் ஏறியது மயால் க்ரீக்குக்காக மட்டும்தான்.

நினைவிடம் 2000 ஜூன் 10 அன்றுதான் திறக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் வம்சாவளியினரும் கொன்றவர்களின் வம்சாவளியினரும் சேர்ந்து நின்று திறந்தார்கள். சிவந்த பாதை ஒன்று மரங்களுக்கு நடுவே வளைந்து போகிறது. வழியில் கற்கள், கற்களில் ஆங்கிலத்திலும் கமிலராய் மொழியிலும் நடந்ததைப் பொறித்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று பச்சை இலைகளைப் போட்டுப் புகை மூட்டியிருந்தார்கள், அதன் வழியாகத்தான் எல்லோரும் நடந்தோம். பாதை முடியும் இடத்தில் பெரிய பாறை. அதில் 'ஙியானி வினங்கய் கனுங்கா' என்று கமிலராய் மொழியில் இருக்கிறது. 'நாங்கள் அவர்களை நினைத்திருக்கிறோம்' என்று பொருள். ஙகரத்தில் ஆரம்பிக்கும் சொல் நமக்கு எவ்வளவு அபூர்வம்! அகர வரிசையில் மட்டும் எழுதிப் பழகிய அந்த எழுத்தை நான் அங்கே நின்று வாய்விட்டு உச்சரித்தேன். ஆன்ட்டி இரண்டு முறை திருத்தினார், மூன்றாவது முறை தலையாட்டினார்.

திரும்பும்போது ஓடை பக்கம் காரை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. "இதற்குள்தான் அந்த இரண்டு பையன்களும் குதித்தார்கள்" என்றார். அப்புறம் டாம்வொர்த் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.