லொறி ஓட்ட ஆள் இல்லை என்பது உண்மைதானா?

கேள்வி: எங்கே பார்த்தாலும் லொறிக்குச் சாரதி இல்லை என்கிறார்கள். அமெரிக்கா, இங்கிலாந்திலும் இதே கதை என்று செய்திகளில் வருகிறது. நாங்கள் தலவாக்கலைப் பக்கம். என் தம்பி கனரக வாகன லைசன் எடுக்க நினைக்கிறான். உண்மையிலேயே ஆள் பற்றாக்குறையா, நம்பி இறங்கலாமா?

பதில்:

லொறி ஓட்டத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையவே இருக்கிறார்கள். இப்போது கொடுக்கிற காசுக்கு, இப்போது கேட்கிற நேரத்துக்கு கொழும்பு ஹயர் ஓடச் சம்மதிக்கிறவர்கள்தான் குறைவு. அதோடு, பாரம் ஏற்றிய வண்டியை மலையிலிருந்து பத்திரமாக இறக்கத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள். இந்த இரண்டாவது குறைவு உண்மையானது, கவலைப்பட வேண்டியதும்கூட. முதலாவதை ஆள் பற்றாக்குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் ஹட்டனில் கிளீனராக, அதாவது லொறியில் சாரதிக்கு உதவியாளாகத் தொடங்கி, பிறகு பல வருடம் தேயிலையும் மரக்கறியும் ஏற்றிக் கொழும்புக்கு ஓட்டியவன். இப்போது சொந்தமாக ஒரு லொறி இருக்கிறது, அதற்குச் சம்பளத்துக்கு ஒரு சாரதியும் இருக்கிறார். சாரதி படுகிற பாடும் தெரியும், முதலாளி போடுகிற கணக்கும் தெரியும்.

உங்கள் தோட்டத்திலேயே ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். கொழுந்து லொறி ஓட்டுகிறவர் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்தால் போதும், அந்த இடத்துக்கு எத்தனை பேர் சிபாரிசுக்கு ஆள் பிடித்து அலைகிறார்கள்! மலையிலிருந்து ஃபெக்டரிக்குப் பச்சைக் கொழுந்து கொண்டுபோகிற வேலை அது. பாதை மோசம், மழையில் சேறு. ஆனாலும் மாதச் சம்பளம் வருகிறது, ஊழியர் சேமலாப நிதிக்கு தோட்டம் 12 வீதம் கட்டுகிறது, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுகிறது, இரவில் வீட்டில் தூங்கலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸுக்குச் சாரதி எடுக்கும்போதும் இதே தள்ளுமுள்ளுதான். அதே ஊரில், அதே லைசன் உள்ள ஆட்களை வைத்துக்கொண்டு, கொழும்பு ஹயர் லொறி முதலாளி மட்டும் "ஆளே கெடைக்க மாட்டேங்குதுப்பா" என்கிறார். ஆள் இல்லையென்றால் எல்லா இடத்திலும் இல்லாமல் இருக்க வேண்டுமே?

அமெரிக்காவிலும் இதே கணக்குதான். அங்கே லொறிக் கம்பனிகளின் சங்கம் பல வருடங்களாகவே பற்றாக்குறை, பற்றாக்குறை என்று சொல்லி வருகிறது. 2021-ல் 80,000 சாரதிகள் குறைவு என்றார்கள். ஆனால் அந்த நாட்டு அரசாங்கத்தின் தொழில் புள்ளிவிவரத் திணைக்களம் வெளியிடும் சஞ்சிகையில் 2019-ல் வந்த ஓர் ஆய்வு, லொறி சாரதிகளின் வேலைச் சந்தை மற்ற உடலுழைப்பு வேலைகளைப் போலத்தான் நடக்கிறது, சம்பளத்தைக் கூட்டினால் ஆட்கள் வருகிறார்கள் என்று காட்டியது. தூர இடங்களுக்கு முழு லோட் ஏற்றுகிற பெரிய கம்பனிகளில் சாரதிகள் விலகிப்போவது பல வருடங்களில் 90 வீதத்தைத் தாண்டியிருக்கிறது. நூறு இருக்கை உள்ள கம்பனி, வருடத்துக்குத் தொண்ணூறு தடவை புது ஆள் எடுக்க வேண்டும். அங்கேயே சில்லறைச் சரக்குகளைச் சேர்த்து ஏற்றுகிற கம்பனிகள் இருக்கின்றன. அவற்றில் சம்பளமும் கூட, பல சாரதிகள் அன்றன்றைக்கே வீடு திரும்பலாம். அங்கே விலகுகிறவர்கள் மிகக் குறைவு. நம் கொழுந்து லொறிக்கும் கொழும்பு லொறிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

1980-ல் அமெரிக்கா லொறித் தொழில் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. போட்டி கூடியது, ஹயர் விலை இறங்கியது, தொழிற்சங்கங்களின் பலம் குறைந்தது, சாரதியின் வருமானமும் அதோடு இறங்கியது. பற்றாக்குறை என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வலுத்தது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் பெற்றோல் கொண்டுபோக ஆள் இல்லாமல் பெற்றோல் செட்டுகளில் வரிசை நின்றபோது, அரசாங்கம் வெளிநாட்டு சாரதிகளுக்கு 5,000 தற்காலிக விசா தருவதாகச் சொன்னது. விண்ணப்பித்தவர்கள் மிகச் சிலர். சில மாத வேலைக்காக யார் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்? பிறகு கம்பனிகள் சம்பளத்தைக் கூட்டின, லைசன் பரீட்சைகளும் வேகமாக நடந்தன, நெருக்கடி தணிந்தது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். சாரதியை வேலையைவிட்டு ஓடவைக்கிற முக்கிய காரணம் பாதை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இல்லை. காத்திருப்புதான். ஹயர் சாரதிக்குச் சம்பளம் பெரும்பாலும் ட்ரிப் கணக்கு, கூடவே சாப்பாட்டுக் காசு. நானுஓயாவிலோ கந்தப்பளையிலோ கரட்டும் லீக்ஸும் ஏற்றி அந்தியில் புறப்பட்டால், விடியுமுன் பேலியகொடை சந்தையில் நிற்க வேண்டும். அந்த ஓட்டத்துக்குக் காசு உண்டு. அதற்கு முன்னால் மூட்டை வரும்வரை தோட்டத்து ஓரத்தில் நின்ற பகல் முழுவதற்கும் காசு கிடையாது. இறக்க இடம் கிடைக்கும்வரை நின்ற நேரத்துக்கும் கிடையாது. மேலே திரும்புவதற்கு மாவோ சீமெந்தோ ஏதாவது ஒரு லோட் கிடைக்குமா என்று தரகருக்குப் போன் போட்டுக்கொண்டு கழித்த நேரத்தை யார் எண்ணுகிறார்கள்?

தேயிலையிலும் அப்படித்தான். 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது, கிழமைக்குக் கிழமை நடக்கிறது, அதனால் ஃபெக்டரிகளிலிருந்து சாக்குகள் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஓட்டிய காலத்தில் கொழும்பில் ஒரு களஞ்சியத்தின் வாசலில் இரவு முழுக்க நின்று, காலையில் "இன்னைக்கு எறக்க ஏலாது, நாளைக்கு வாங்க" என்று கேட்டுக்கொண்டு அதே இடத்தில் இன்னொரு இரவும் நின்றிருக்கிறேன். கழிவறை கிடையாது, குளிக்க இடம் கிடையாது. தார்ப்பாயைக் கிழித்து யாராவது சாக்கை எடுத்துவிட்டால் அதுவும் சாரதியின் கணக்கில்தான் விழும். அந்த இரண்டு நாளுக்கும் எனக்குக் கிடைத்தது ஒரு ட்ரிப் காசு. அமெரிக்காவில் தூர ஓட்டச் சாரதிக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில் சம்பளம். வேலை தொடங்கினால் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்று சட்டம். களஞ்சிய வாசலில் நான்கு மணி நேரம் நின்றால் அந்த 14-இல் நான்கு போய்விடும், மைலும் ஏறாது. அவர்களுடைய புகாரை முதல்முறை வாசித்தபோது எனக்கு அந்தக் கொழும்பு வாசல்தான் ஞாபகம் வந்தது.

காத்திருக்க வைப்பவருக்குச் செலவே இல்லாதபோது அவர் ஏன் அவசரப்படப் போகிறார்? களஞ்சியக்காரரும் வியாபாரியும் காத்திருக்கிற ஒவ்வொரு மணிக்கும் காசு கட்ட வேண்டும் என்று வந்துவிட்டால், இருக்கிற சாரதிகளே இன்னும் நிறைய ட்ரிப் ஓடுவார்கள். ஆள் பற்றாக்குறையில் பாதி அங்கேயே தீரும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அப்புறம் 2020-க்குப் பிறகு நடந்தவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கம் வரை ஏறக்குறைய ஐந்து வருடம் அது நீடித்தது. பழைய லொறிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2021-ல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், மரக்கறி விளைச்சல் விழுந்தது, ஏற்றுவதற்கு லோட் இல்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ஆனது. விலையைவிட வரிசைதான் கொடுமை. லொறிக்குள்ளேயே நாட்கணக்கில் படுத்துக் கிடந்தோம். ட்ரிப் இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை. அந்த வருடம் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். என்னோடு ஓடியவர்களில் சிலர் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள், அங்கேயும் லொறிதான் ஓட்டுகிறார்கள். இங்கே ஓட்ட மாட்டேன் என்றவர்கள் அங்கே பாலைவன வெயிலில் ஓட்டுகிறார்கள் என்றால், வேலை பிடிக்காமல் போனார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

வண்டி விலை ஏறியதில் இன்னொன்றும் போனது. கிளீனராகச் சேர்ந்து, சாரதியாகி, கையில் கொஞ்சம் சேர்த்து, மீதிக்கு லீசிங் போட்டு ஒரு பழைய லொறி வாங்குவது எங்கள் தலைமுறையின் கனவு. ட்ரிப் காசு குறைவாக இருந்தாலும் அந்தக் கனவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினோம். இன்றைக்கு இருபது வயதுப் பையனிடம் அதைச் சொன்னால் லொறி விலையைக் கேட்டுவிட்டு முச்சக்கரவண்டிக்கோ சுற்றுலா வானுக்கோ போய்விடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இனி அந்த இரண்டாவது குறைவு. எனக்கு உண்மையான பயம் இதில்தான்.

கொழும்பில் லொறி ஓட்டுகிறவர் நல்ல சாரதியாக இருக்கலாம். ஆனால் ஹட்டனிலிருந்து பாரத்தோடு கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி கித்துல்கலை போய்ச் சேர்வது வேறு. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை இறக்கம் அதைவிடக் கடுமை. எனக்கு வண்டி பழக்கிய மாமா முதல் நாளே சொன்னார்: "தம்பி, ஏறுறதுக்கு எந்த கியர் போடுறியோ அதே கியர்லதான் எறங்கணும். பிரேக்க நம்பி எறங்கினா பிரேக் ஒன்ன நம்பாது." நீளமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ட்ரம் சூடேறி, லைனர் கருகி, ஒரு கட்டத்துக்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. அதனால் இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறைத்து, என்ஜினால் வண்டியைப் பிடித்து, என்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு, மிதிபிரேக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது சாவுக்கு வழி. பனி மூடினால் எந்த வளைவில் எந்தப் பக்கம் ஒதுங்க இடம் இருக்கிறது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்துபோனார்கள். அந்த இறக்கத்தைத் தெரிந்த யாரும் இந்த விஷயத்தை இலேசாகப் பேச மாட்டார்கள்.

லைசன் பரீட்சையில் இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியாது. கிளீனர் இருக்கையில் உட்கார்ந்துதான் வரும். டயருக்குக் கட்டை வைப்பது, தார்ப்பாய் கட்டுவது, பாரம் ஒருபக்கம் சரியாமல் அடுக்குவது, சாரதிக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுப்பது, வெறும் வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்ப்பது, பிறகு ஏற்றத்தில், கடைசியில்தான் பாரத்தோடு இறக்கத்தில். நாங்கள் எல்லாரும் இப்படித்தான் பழகினோம். இப்போது செலவைக் குறைக்கிறோம் என்று பல முதலாளிமார் முதலில் நிறுத்தியது கிளீனரைத்தான். சாரதி தனியாகப் போகிறார், ஏற்றி இறக்கக் கூலிக்கு அங்கங்கே ஆள் பிடிக்கிறார். ஒரு சம்பளம் மிச்சம். ஆனால் அடுத்த சாரதி எங்கிருந்து வருவார்? கிளீனரை நிறுத்திய அதே ஆள், அனுபவமுள்ள சாரதி வேண்டும் என்று ஹட்டன் கடைகளில் சொல்லி வைத்துக் காத்திருக்கிறார். நாற்று மேடையை அழித்துவிட்டு வயலில் பயிர் இல்லை என்று நிற்பது போலத்தான் இது.

முதலாளியின் கஷ்டம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஹயர் விலையைத் தரகரும் சந்தையும் தீர்மானிக்கிறார்கள். கோவா (முட்டைக்கோஸ்) விலை விழுந்தால் தோட்டக்காரர் ஹயருக்குப் பேரம் பேசுகிறார். திரும்பும்போது வெறும் வண்டி என்றால் டீசல் கையைக் கடிக்கும். டயர், லீசிங், காப்புறுதி எல்லாம் மாதம் தவறாமல் வந்து நிற்கும். நானும் என் சாரதிக்கு சேமலாப நிதி கட்டத் தொடங்கியபோது மாத முடிவில் மிஞ்சுவது நன்றாகவே குறைந்தது. ஆனால் அவர் என்னைவிட்டுப் போகவில்லை. வண்டியும் ஒர்க்‌ஷொப்புக்குப் போவது குறைந்திருக்கிறது. வண்டியைத் தன்னுடையதாக நினைத்து ஓட்டுகிற ஒருவருக்கும் மாதம் ஒருவராக மாறி மாறி வருகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் கிளட்ச் தட்டிலேயே தெரிந்துவிடும்.

இனி உங்கள் தம்பிக்கு. லைசன் எடுக்கட்டும், அது வீண்போகாது. ஆனால் ஆள் பற்றாக்குறையாம், உடனே வேலை என்று யாராவது கூப்பிட்டால், அந்த வண்டியில் அவனுக்கு முன்னால் ஓட்டியவர் ஏன் போனார் என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே தேடிப் பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள், ஹட்டன் பக்கம் அது ஒன்றும் கஷ்டமில்லை. காத்திருக்கிற நாளுக்குக் காசு உண்டா, சேமலாப நிதி கட்டுகிறார்களா, சாமான் காணாமல் போனால் யார் பொறுப்பு, கிளீனர் கூட வருவாரா என்பதையெல்லாம் சேருமுன்னே பேசிக்கொள்ள வேண்டும். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர வேண்டாம். லைசன் கைக்கு வந்தவுடனே பாரத்தோடு கொழும்புக்கு இறங்கவும் வேண்டாம். பழைய சாரதி ஒருவரோடு இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, மழைக்காலம் ஒன்றையாவது முழுதாகப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும். அந்த மாதங்களுக்கும் அவனுக்கு முறையாகச் சம்பளம் கொடுக்கிற முதலாளி யாராவது உங்கள் பக்கம் இருந்தால், தம்பி அவரிடமே சேரலாம்.