வாசகர் கேள்வி – பதில்: காப்பகத்துக்கு எந்தக் கிழமை வருவீர்கள்?

விலங்குகள் காப்பகத்தில் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பது என் வேலை. அது சம்பந்தமாக வந்த கடிதங்களை ஆசிரியர் என்னிடம் அனுப்பிவைத்தார். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

நாய்களோடு பழகத்தான் காப்பகத்தில் சேர்ந்தேன். வந்த நாள் முதல் கையில் துடைப்பமும் வாளியும்தான். நாயைத் தொடவே விடுவதில்லை. இதற்கு நான் எதற்கு அக்கா? – கல்லூரி மாணவர்

தம்பி, வாளியை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உங்களை நம்புகிறார்கள் என்று அர்த்தம். காப்பகத்தில் நாங்கள் அதிகம் பயப்படுவது பார்வோ வைரஸுக்கு. 1978-ல்தான் இந்த நோய் உலகத்துக்குத் தெரியவந்தது. தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்தால் வாந்தி, ரத்தபேதி என்று இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். நோய்ப்பட்ட நாயின் மலத்தில் வெளிவரும் வைரஸ் தரையிலும் தட்டிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாம் கையில் தேய்த்துக்கொள்ளும் சானிடைசருக்கு அது சாகாது.

அதனால்தான் கழுவுவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். முதலில் மலத்தை அள்ள வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளீச். அழுக்கின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடு போய்விடும். சிறுநீரில் பட்டால் மூச்சை அடைக்கிற புகையும் வரும். வீட்டில் புழங்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், அன்றன்று கலந்தது. ஊற்றியதும் வழித்துத் தள்ளிவிடாமல் பத்து நிமிடம் தரை ஈரமாகவே கிடக்க விட்டு, அதன் பிறகு அலசிக் காயவிட வேண்டும். நாய் அதுவரை வேறு இடத்தில் இருக்க வேண்டும். வரிசையும் மாறக் கூடாது: முதலில் ஆரோக்கியமான குட்டிகள், அடுத்து பெரிய நாய்கள், புதிதாக வந்தவை, கடைசியில் நோய்ப்பிரிவு. நோய்ப்பிரிவில் நின்ற செருப்போடு குட்டிகள் பக்கம் திரும்பி வரவே கூடாது.

பினாயிலைப் பூனைகள் இருக்கும் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காலில் பட்டதைப் பூனை நக்கும். அந்த வகை ரசாயனத்தைச் செரித்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு.

இன்னொன்று. காலையில் கூண்டைக் கழுவுகிறவர்தான் அந்த நாயின் உடல்நிலையை முதலில் பார்க்கிறவர். தட்டில் மீதி இருக்கிறதா, மலம் இளகியிருக்கிறதா, மூலையில் வாந்தி கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மருத்துவர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். அந்த நேரத்தில் நாயும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கயிறு உங்கள் கைக்கு வரும் நாளில் அதற்கு நீங்கள் புது ஆளாக இருக்க மாட்டீர்கள்.

மகள் காப்பகத்துக்குப் போக ஆசைப்படுகிறாள். வெறிநாய்க்கடி பயத்தால் நான் அனுப்பவில்லை. – ஒரு தாய்

உங்கள் பயம் நியாயமானது. ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் முன்கூட்டியே தடுக்கக்கூடிய நோயும் அதுதான். விலங்குகளோடு வேலை செய்யப் போகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே ஊசி போட்டுக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இரண்டு தவணை: முதல் நாள் ஒன்று, அதிலிருந்து ஏழாம் நாள் ஒன்று. டெட்டனஸ் ஊசியும் நடப்பில் இருக்கட்டும்.

கடியோ, பல் பட்ட கீறலோ ஏற்பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. கழுவி முடித்ததும் நேராக மருத்துவமனைக்கு. முன்பே ஊசி போட்டவராக இருந்தாலும் போகத்தான் வேண்டும். அவர்களுக்குக் கூடுதல் தவணை போடுவார்கள். நோய் எதிர்ப்புப் புரத ஊசி மட்டும் தேவைப்படாது. இதையெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுக்காத காப்பகமாக இருந்தால் மகளை அங்கே அனுப்ப வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

எட்டு வயதுப் பையனை அழைத்து வரலாமா?

கூண்டுக்குள் வேண்டாம். வெளியே உட்கார்ந்து பூனைகளுக்குக் கதைப் புத்தகம் வாசிக்கட்டும். மனிதக் குரலுக்குப் பழகுவது அவற்றுக்கு நல்லது. நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

வீட்டில் பழைய துணி, தலையணை, மீதமான மாத்திரைகள் எல்லாம் இருக்கின்றன. கொடுக்கலாமா? பணமாகக் கொடுப்பதுதான் நல்லதா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, துண்டு, பெட்ஷீட், போர்வை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். எவ்வளவு வந்தாலும் போதாது. தலையணை வேண்டாம். நாய் கிழித்துப் பஞ்சை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். பழைய செய்தித்தாள்களுக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

அட்டைப்பெட்டியைக் கடையில் கேட்டாலே கொடுப்பார்கள். 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் சீக்கிரமே பதற்றம் தணிந்தன. அதனால் பூனை நுழையும் அளவுக்கு ஒரு பெட்டி கிடைத்தால், தூக்கிப் போடாமல் எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

மாத்திரைகளைத் தயவுசெய்து கொண்டு வராதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்திலும் சில, பெர்மெத்ரின் கலந்தவை, பூனைக்கு விஷம். எது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத மருந்து காப்பகத்தில் இருப்பதே ஆபத்து.

உணவு வாங்கித் தருவதாக இருந்தால், அங்கே கொடுப்பது என்ன வகை என்று கேட்டு அதையே வாங்குங்கள். திடீரென்று உணவு மாறினால் வயிறு கெடும். ஒரு கூண்டில் பேதி கண்டால் அது உணவாலா நோயாலா என்று புரியாமல் எல்லோரும் திண்டாடிப் போவோம்.

பணம் என்றால், பண்டிகைக்கோ பிறந்த நாளுக்கோ தரும் பெருந்தொகையை விட மாதாமாதம் தவறாமல் வரும் சிறு தொகை பெரிய உதவி. தடுப்பூசியும் சம்பளமும் தண்ணீர்க் கட்டணமும் மாதாமாதம் வருகிறவை. இத்தனை வரும் என்று தெரிந்தால்தான் இன்னொரு நாயை உள்ளே எடுக்கத் துணிவு வரும்.

எங்கள் காப்பகத்தில் ஒரு நாய் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. எவ்வளவு கொஞ்சினாலும் பயனில்லை. என்னதான் செய்வது? – புதிய தன்னார்வலர்

கொஞ்சுவதை நிறுத்துங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்லவில்லை, அந்த நாய்க்காகச் சொல்கிறேன். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் பதற்றத்துக்கான ஹார்மோன், கார்ட்டிசால், வீட்டு நாய்களை விட மிக அதிகமாக இருக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். குரைப்பு, புது வாசனை, இரும்புக் கதவின் சத்தம் எல்லாம் சூழ்ந்திருக்கும்போது, மேலே குனிந்து கை நீட்டும் புது மனிதரும் அதற்கு ஒரு மிரட்டல்தான்.

கூண்டுக்கு வெளியே தரையில் உட்காருங்கள். நாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள். பேச வேண்டும் என்றால் தாழ்ந்த குரலில் எதையாவது பேசிக்கொண்டிருங்கள், அல்லது புத்தகம் படியுங்கள். அவ்வப்போது ஒரு தீனித் துண்டை அதன் பக்கம் மெதுவாக உருட்டிவிடுங்கள். எடுக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். எடுக்காவிட்டாலும் எடுக்காமல் இருக்கட்டும். நீங்கள் போன பிறகு எடுத்தாலும் நல்ல செய்திதான்.

அதன் உடம்பைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பசியில்லாமலே உதட்டை நக்குகிறது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி வெள்ளைவிழி தெரியப் பார்க்கிறது என்றால் இன்னும் பயத்தில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். ஒரு நாள் ஒரு காது மட்டும் உங்கள் பக்கம் திரும்பும். மறு வாரம் தோள் தளர்ந்திருக்கும். சுவரைப் பார்த்திருந்த நாய் படுத்தபடியே மூக்கை மட்டும் உங்கள் பக்கம் நீட்டிக் காற்றை மோப்பம் பிடிப்பதைப் பார்த்தீர்கள் என்றால், அன்று அதற்கு மேல் எதுவும் முயலாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அதுவாகவே உங்களிடம் வரும் நாளில் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். தாடைக்குக் கீழோ மார்பிலோ தடவுங்கள். மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அதுவே நெருங்கி வரும்.

நேரம்தான் இதில் முக்கியம். அதே கிழமை, அதே நேரம் போங்கள். என்றோ ஒரு நாள் நான்கு மணி நேரம் இருந்துவிட்டு ஒரு மாதம் காணாமல் போகிறவரை விட, வாரம் தவறாமல் வந்து அரை மணி நேரம் உட்காருகிறவர் இந்த மாதிரி நாய்க்கு ஆயிரம் மடங்கு மேல். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் ‘எந்தக் கிழமை வருவீர்கள்?’ என்றுதான். சொன்ன கிழமையில் வர முடியாமல் போனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது போதும்.

பச்சைப் பூனைக்குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்துத் தரக் கேட்கிறார்கள். என்னால் முடியுமா? – இல்லத்தரசி

இரவில் எழுந்திருக்க முடியும் என்றால் முடியும். இரண்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். பசும்பால் வேண்டாம், பேதியாகும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடரைக் காப்பகம் தரும். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், வயிறு தரையில் படும்படி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் கதகதப்பாக்குங்கள். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. பால் கொடுத்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டால்தான் அது சிறுநீர் கழிக்கும். தாய் நாக்கால் நக்கிச் செய்வது இதைத்தான். தினமும் எடை பாருங்கள். நாளுக்குப் பத்து கிராம் அளவில் ஏறினால் நன்றாக வளர்கிறது. ஏறாமல் நின்றாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எத்தனை நாய், பூனைக்கு வீடு பிடித்துக் கொடுத்தாலும் காப்பகம் நிரம்பியேதான் இருக்கிறது. சோர்வாக இருக்கிறது. – பழைய தன்னார்வலர்

அந்தச் சோர்வு எனக்கும் பழக்கம்தான். நான் இப்போதெல்லாம் புதியவர்களைக் கருத்தடை வேலைக்குத்தான் அதிகம் இழுக்கிறேன். பூனை நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடும். பூனையும் நாயும் ஏறக்குறைய 63 நாளில் குட்டி போட்டுவிடும். தத்துக் கொடுக்கும் வேகத்தால் மட்டும் இதை எட்டிப்பிடிக்க முடியாது. கருத்தடைக்குப் பிடிக்கும்போதே ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவிடலாம். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்தால் நோய் பரவுவது அறுந்துபோகும்.

இதற்கு நீங்கள் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பிடித்துக்கொண்டு போக வண்டி ஓட்டலாம். அறுவை முடிந்து மயக்கம் தெளியும் வரை பக்கத்தில் இருக்கலாம். தையலை நக்காதபடி பத்து நாள் கழுத்துக் கூம்பு கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பூனை எந்த வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் தூங்குகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து வைத்தாலே பிடிக்க வருகிறவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அங்கே சாப்பாடு வைக்கிறவர்களிடமும் முன்கூட்டியே பேசுங்கள்: அறுவைக்கு முந்தின இரவிலிருந்து பெரிய விலங்குகளுக்கு உணவு வைக்க வேண்டாம், தண்ணீர் இருக்கட்டும். குட்டிகளுக்கு அவ்வளவு நேரப் பட்டினி ஆகாது. அவற்றுக்கு எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.