வாசகர் கேள்வி – பதில்: வளர்ச்சிக் கோட்பாடும் வகுப்பறைக் கருவியும்

கேள்வி: கல்வித் தொழில்நுட்பப் பாடத்தில் பொருளாதார, பண்பாட்டு வளர்ச்சிக் கோட்பாடுகளையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?
– கல்வியியல் முதுகலை மாணவி, மதுரை

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. பள்ளிக்கு ஒரு கருவியைக் கொண்டுவருகிறவர், அந்த ஊர் ஏன் பின்தங்கியிருக்கிறது என்பதற்கு முன்பே ஒரு விடையை வைத்திருப்பார். அதில் யார் பேசுவது, யார் கேட்டுக்கொண்டிருப்பது என்பதை அந்த விடைதான் முடிவு செய்கிறது.

1950களிலும் 60களிலும் கோலோச்சியது நவீனமயமாக்கல் கோட்பாடு. மேற்காசிய நாடுகளில் நடந்த ஆய்வுகளை வைத்து 1958இல் எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் டேனியல் லெர்னர், நகரமும் எழுத்தறிவும் ஊடகமும் பெருகப் பெருக, மக்கள் தம்மைப் பிறர் நிலையில் வைத்துப் பார்க்கப் பழகி மரபிலிருந்து விடுபடுவார்கள் என்றார். அமெரிக்கப் பொருளியலாளர் வால்ட் ரோஸ்டோ 1960இல் பொருளாதார வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்து, எல்லா நாடுகளுக்கும் பொதுவான பாதையாக அதை முன்வைத்தார். இந்தப் பார்வையில் உள்ளூர்ப் பண்பாடு ஒரு தடை. வானொலியும் தொலைக்காட்சியும் அதைக் களையும் மருந்து.

இந்தியா இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு, 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்கு ‘சைட்’ என்னும் கல்வி ஒளிபரப்பு நடந்தது. கம்பிவலையால் செய்த மூன்று மீட்டர் அகல ஆன்டெனா, ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, காலையில் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு நிகழ்ச்சி. பொறியியல் நோக்கில் அது பெருமைக்குரிய சாதனைதான். ஆனால் மைதிலி பேசும் வடபீகார்ப் பிள்ளைக்கும் ராஜஸ்தானின் கோட்டாப் பகுதிப் பிள்ளைக்கும் ஒரே இந்தியில் ஒரே நிகழ்ச்சி போனது. பேசியவர்கள் தொலைவில் இருந்தார்கள். பார்த்தவர்களால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

அதே 1975இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற ஊரில் இஸ்ரோ நிறுவிய சிறிய ஒளிபரப்பி வேறு வழியில் சென்றது. அமுல் பிறந்த மாவட்டம் அது. மாலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் கூடும் கூட்டுறவுச் சங்கங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஊர் மக்கள் தங்கள் குஜராத்தியில், கூலி, தீண்டாமை, பெண்களின் நிலை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சிகள் அவர்களுடன் சேர்ந்தே தயாரிக்கப்பட்டன. பண்பாட்டைத் தடையாகக் கொள்ளாமல் பேச்சின் தொடக்கமாகக் கொண்டதால்தான் அது உயிருடன் இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

லத்தீன் அமெரிக்காவில் எழுந்த சார்புக் கோட்பாட்டையும் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் கல்விச் சிந்தனையையும் இதன் அருகில் வைத்துப் படியுங்கள். வறுமை என்பது ஏறத் தவறிய படியல்ல, வளம் வெளியே உறிஞ்சப்பட்டதன் விளைவு என்றது முன்னது. மாணவரை நிரப்ப வேண்டிய காலிப் பாத்திரமாகக் கருதக் கூடாது என்றது பின்னது.

கேள்வி: பள்ளிக்குக் கைக்கணினி வந்தும் பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை என்கிறார்கள். கருவி தருவதே வீண்செலவா?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், நாமக்கல்

பதில்: வீண் என்று சொல்ல மாட்டேன். பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கை, பதினைந்து மாதங்களுக்குப் பிறகும் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை என்றது. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. அந்த மடிக்கணினியைப் பாடத்தோடு இணைக்க ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை. ஆகவே அடுத்த கூட்டத்தில் எத்தனை கைக்கணினி வந்தது என்பதோடு நிறுத்திவிடாமல், எந்த வகுப்பில் எந்தப் பாடத்துக்கு அதைத் திறக்கிறார்கள், பழுதானால் யார் சரிசெய்கிறார்கள், பாடத்தைத் தயாரிப்பதில் உங்கள் ஆசிரியர்களுக்குப் பங்கு உண்டா என்றும் கேளுங்கள்.